தரவு சேரும் முன்பே தொடங்கும் வேலை: மருத்துவ, மரபணு ஆய்வில் இறங்குவோருக்கு உயிரியல் புள்ளியியல் வழிகாட்டி

ஒரு எக்செல் கோப்பு. கூடவே, "பி மதிப்பு மட்டும் போட்டுக் கொடுத்தால் போதும்" என்ற வேண்டுகோள். (வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. ஏழாவது படியில் விளக்குகிறேன்.) உயிரியல் புள்ளியியலாளரிடம் பலரும் முதன்முதலில் இப்படித்தான் வந்து சேர்கிறார்கள். அந்தக் கோப்பில் இரண்டு மூன்று வருட உழைப்பு இருக்கும். நோயாளிகள் ரத்தம் கொடுத்திருப்பார்கள், மருந்தின் தொல்லைகளைத் தாங்கியிருப்பார்கள். திறந்து பார்த்தால் புது மருந்து பெற்றவர்கள் எல்லோரும் ஒரு வார்டு, பழைய மருந்து பெற்றவர்கள் எல்லோரும் இன்னொரு வார்டு. கண்ட வித்தியாசம் மருந்தால் வந்ததா, வார்டால் வந்ததா என்று பிரித்துக் காட்ட உலகில் எந்தச் சூத்திரமும் கிடையாது. அதை எதிரே இருப்பவரிடம் சொல்ல வேண்டிய நிமிடம்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் கடினமானது.

புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1938-லேயே இதைச் சொல்லிவிட்டார்: சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம், சோதனை எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல், ஒரு எண்கூடக் கையில் இல்லாத காலத்தைப் பற்றியது. முதல் ஆய்வைத் தொடங்கும் மருத்துவர், மரபணு ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர், இவர்களோடு வேலை செய்யப்போகும் இளம் புள்ளியியலாளர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"நீரிழிவும் மரபணுவும் பற்றி ஆராய்கிறேன்" என்பது ஆர்வம். அது இன்னும் கேள்வியாகவில்லை. யாரிடம், எதை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எத்தனை நாளில் அளக்கப் போகிறீர்கள் என்ற ஐந்தும் அந்த வாக்கியத்துக்குள் வர வேண்டும். "அறுவை முடிந்த பெரியவர்களுக்குக் கூடுதலாக இந்த மருந்தைக் கொடுத்தால், வழக்கமான சிகிச்சை மட்டும் பெறுபவர்களைவிட 30 நாளுக்குள் காயத்தில் தொற்று வருவது குறைகிறதா?" இப்படி எழுதிவிட்டால் பாதி முடிவுகள் தாமாக எடுக்கப்பட்டுவிடும்.

இதில் விளைவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நின்று யோசியுங்கள். அளக்கச் சுலபமானதை எடுத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோயாளிகள் இறக்கும் அபாயம் அதிகம் என்று தெரிந்திருந்தது. துடிப்பைச் சீராக்கும் என்கெய்னைடு, ஃப்ளெகெய்னைடு என்ற மருந்துகள் புழக்கத்தில் இருந்தன. துடிப்பு சீரானால் உயிர் பிழைப்பார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 'காஸ்ட்' என்ற ஆய்வு துடிப்பை விட்டுவிட்டு மரணத்தை எண்ணியது. 1991-ல் வெளிவந்த முடிவு இது: மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள், மருந்தில்லாத மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். துடிப்பு சீரானது, உயிர் போனது. துடிப்பை மட்டும் அளந்திருந்தால் அந்த மருந்துகள் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். நோயாளிக்கு எது முக்கியமோ அதை அளக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதபோதுதான் அதற்குப் பதிலாளாக வரும் அளவீடு.

இரண்டாவது படி: ஆய்வின் வடிவம்

மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கிறீர்கள் என்றால், யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதைவிடச் சிறந்த வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948-ல் வெளிவந்தது. அதை வடிவமைத்த புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில், யாருக்கு மருந்து என்பதை ஒட்டிய உறைகளுக்குள் வைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொள்வது என்று முடிவான பிறகுதான் உறை பிரிக்கப்படும். 107 பேரில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 4 பேரும் இரண்டாவது குழுவில் 14 பேரும் இறந்தார்கள்.

அந்த உறைதான் முக்கியம். "ஒருவருக்கு மருந்து, அடுத்தவருக்கு இல்லை" என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் சமமாகத்தானே பிரியும் என்று கேட்பார்கள். பிரியும். ஆனால் அடுத்து வருபவருக்கு என்ன கிடைக்கும் என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மிகவும் முடியாமல் இருப்பவரைப் பார்த்தால், அவரை இப்போது சேர்க்காமல் அடுத்த முறை சேர்க்கலாம் என்று மனம் சொல்லும். இரக்கத்தால் செய்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். யாருக்கு எது என்பது சேர்க்கும் கைக்குத் தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு என்பதை ஆய்வுத் திட்டத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் குலுக்கல் சரிப்படாது. புகைப்பதன் தீமையை அறிய யாரையும் புகைக்கச் சொல்ல முடியாது. மரபணுவையும் நாம் ஒதுக்குவதில்லை. அப்போது இருப்பதை உற்றுப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும், அவற்றுக்கே உரிய பொறிகளும் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன், அடிக்கடி பார்ப்பதால்.

ஒன்று, "ஆறு மாதம் தொடர்ந்து மருந்து எடுத்தவர்கள் நிறுத்தியவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள்" என்ற வகை. ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டுமென்றால் ஆறு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும்! இரண்டாம் மாதமே இறந்தவர் தாமாகவே 'நிறுத்தியவர்' பட்டியலில் விழுந்துவிடுகிறார். மருந்தே இல்லாமல் வெறும் சர்க்கரை மாத்திரை கொடுத்திருந்தாலும் இந்த முடிவுதான் வந்திருக்கும்.

இன்னொன்று, ஒப்பீட்டுக் குழுவே இல்லாமல் முன்னும் பின்னும் அளப்பது. ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்த நாளில் ஆய்வில் சேர்த்தவர்களை அடுத்த மாதம் அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரியாகக் கொஞ்சம் இறங்கியிருக்கும். உச்சத்தில் பிடித்த எதுவும் நடுவை நோக்கித் திரும்பும் இயல்புடையது. அந்த இறக்கத்தை மருந்தின் கணக்கில் எழுதிக்கொள்ளும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

மூன்றாவது படி: எத்தனை பேர் வேண்டும்?

"மாதிரி அளவு என்ன?" என்று கேட்டால், "எத்தனை பேர் போதும் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்" என்பார்கள். கணக்கை நான் போடலாம். அதற்குள் போட வேண்டிய எண்கள் உங்களிடம்தான் இருக்கின்றன. அவற்றுள் தலையாயது, எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உங்கள் சிகிச்சை முறையை மாற்றிக்கொள்வீர்கள் என்பது.

மேலே சொன்ன காயத்தொற்றையே எடுத்துக்கொள்வோம். இப்போது 100 பேரில் 30 பேருக்குத் தொற்று வருகிறது. புது மருந்து அதை 20 ஆக்கினால் பயன்படுத்துவேன் என்கிறீர்கள். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குள் வைப்போம். வித்தியாசம் இருக்கும்போது அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80 சதவீதம் இருக்கட்டும். இந்த இரண்டு முடிவுகளுக்கும் புள்ளியியல் அட்டவணை தரும் எண்கள் 1.96, 0.84. கூட்டினால் 2.8, அதன் வர்க்கம் 7.84. இரண்டு குழுக்களின் ஏற்ற இறக்கம் 0.3×0.7, 0.2×0.8, கூட்டினால் 0.37. வித்தியாசம் 0.1, அதன் வர்க்கம் 0.01. ஆக 7.84×0.37÷0.01, ஒவ்வொரு குழுவுக்கும் ஏறக்குறைய 290 பேர்.

இப்போது வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்: 30-லிருந்து 25-க்கு இறங்கினாலே போதும் என்றால்? குழுவுக்கு ஏறக்குறைய 1,250 பேர். வித்தியாசம் பாதியானால் ஆட்கள் இரு மடங்கு என்று தோன்றும். நான்கு மடங்குக்கும் மேல் ஆகிவிட்டது, ஏனென்றால் வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். புதிதாக வருபவர்கள் இந்த ஒரு கணக்கை ஒருமுறை தங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். அதன்பிறகு 40 பேரை வைத்துக்கொண்டு நுட்பமான வேறுபாட்டைத் தேடும் ஆய்வுகளை வேறு கண்ணால் பார்ப்பீர்கள்.

இடையில் விலகிப்போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒருவர் விலகுவார் என்றால் 290-ஐ 0.9-ஆல் வகுங்கள், 323 வரும். 290-உடன் பத்து சதவீதத்தைக் கூட்டி 319 என்று எழுதுவது பரவலான சிறு தவறு. 319-ல் பத்து சதவீதம் போனால் 287-தான் மிஞ்சும்.

கிடைக்கக்கூடிய நோயாளிகளின் எண்ணிக்கையை முதலில் சொல்லி, அந்த எண் வரும்படி வித்தியாசத்தை ஊதிப் பெரிதாக்கச் சொல்லும் வேண்டுகோளும் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும். 60 பேர்தான் கிடைப்பார்கள் என்றால், 60 பேரை வைத்து எதை எவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியும் என்று கணக்கிட்டு, கேள்வியைச் சிறியதாக்குவதோ வேறு மையங்களைச் சேர்த்துக்கொள்வதோ நேர்மையான வழி. பதில் கிடைக்க வாய்ப்பே இல்லாத ஆய்வில் ஒரு நோயாளியைச் சேர்ப்பது அவரிடம் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

நான்காவது படி: என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முன்பே எழுதி வையுங்கள்

எந்த விளைவு முதன்மையானது, எந்தச் சோதனையால் ஒப்பிடுவீர்கள், விடுபட்ட தரவை என்ன செய்வீர்கள், எந்தெந்த உட்குழுக்களை (வயது, பால் என்று பிரித்த சிறு குழுக்களை) தனியாகப் பார்ப்பீர்கள் என்று தரவைப் பார்க்கும் முன்பே பகுப்பாய்வுத் திட்டமாக எழுதித் தேதியிட்டு வையுங்கள். மருத்துவச் சோதனை என்றால் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும். முக்கியமான மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதைக் கட்டாயமாகக் கேட்கின்றன.

ஏன் இவ்வளவு கெடுபிடி? உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத தரவில், ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளைச் செய்தால், குறைந்தது ஒன்றிலாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த ஒன்றைச் சுற்றி அழகான கதை எழுத யாராலும் முடியும். மாரடைப்புக்கு ஆஸ்பிரினைச் சோதித்த 'ஐசிஸ்-2' ஆய்வில் 17,187 நோயாளிகள் இருந்தார்கள். 1988-ல் முடிவு வந்தது. ஆஸ்பிரின் உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமே இல்லை. உட்குழுக்களைப் பிரித்துப் பார்ப்பதன் ஆபத்தைக் காட்டுவதற்காகவே ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன ராசிக்காரர்களுக்கும் துலா ராசிக்காரர்களுக்கும் ஆஸ்பிரினால் பலன் இல்லை, கொஞ்சம் கெடுதலே என்று வந்தது! ராசி என்பதால் யாரும் நம்பவில்லை. அதே எண்கள் 'வயது 60-க்கு மேல்' என்றோ 'ஒரு குறிப்பிட்ட மரபணு வகை' என்றோ வந்திருந்தால், அந்த நோயாளிகளுக்கு ஆஸ்பிரினை நிறுத்தியிருக்கக்கூடும்.

பாதியில் எட்டிப் பார்ப்பதும் இதே வகைதான். தரவு சேரச்சேர ஐந்து முறை பார்த்து, எப்போது 0.05-க்குக் கீழ் வருகிறதோ அப்போது நிறுத்துவது என்றால், தவறான வெற்றிக்கான வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14 சதவீதமாகிவிடும். நோயாளிகளின் பாதுகாப்புக்காக இடையில் பார்க்க வேண்டியிருந்தால் அதற்கென்றே முறைகள் உண்டு. எத்தனை முறை, எந்த எல்லையில் நிறுத்துவது என்று முன்பே தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாவது படி: தரவுத் தாள்

ஒரு வரிசைக்கு ஒரு நோயாளி. பல தடவை வருகிறார் என்றால் ஒரு வரிசைக்கு ஒரு வருகை. ஒரு கட்டத்துக்குள் ஒரு தகவல். '140/90' என்று சேர்த்து எழுதாமல் இரண்டு நெடுவரிசையாகப் பிரியுங்கள். நிறத்தால் குறிக்காதீர்கள்: மஞ்சள் பூசியவர்கள் எல்லாம் விலகியவர்கள் என்பது மென்பொருளுக்குத் தெரியாது. விடுபட்டதற்கு 0 போடாதீர்கள். 99 அல்லது 999 போடும் பழக்கம் இருந்தால், 99 வயதுக்காரர் ஒருவர் உண்மையிலேயே வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது, என்ன அலகு, 1 என்றால் ஆணா பெண்ணா என்று விளக்கும் அகராதித் தாள் ஒன்று தனியே இருக்கட்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் பகுப்பாய்வுக் கோப்புக்குள் வரவே கூடாது. வயதை வயதாகவே எழுதுங்கள். '40-க்குக் கீழ், மேல்' என்று முதலிலேயே வெட்டிவிட்டால் வெட்டிய தகவல் திரும்பி வராது.

மரபணுத் தரவு என்றால் எக்செல்லிடம் கூடுதல் கவனம் வேண்டும். மரபணுப் பெயர்களில் சில தேதி போலவே இருந்தன: 'மார்ச்1', 'செப்ட்2' என்பவை. எக்செல் அவற்றைக் கேட்காமலே மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதை 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-ல் பெயரிடல் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றியது. செப்ட்2 இப்போது 'செப்டின்2'. பழைய கோப்புகளில் பிழை அப்படியே இருக்கிறது. மூலக் கோப்பை யாரும் தொடாதபடி பூட்டி வையுங்கள். மாற்றங்கள் எல்லாம் ஆர் அல்லது பைதான் நிரலில் எழுதப்பட்டிருக்கட்டும். ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் அதே நிரலை மறுபடி ஓட்டிக் காட்ட முடியும்.

ஆறாவது படி: மரபணு ஆய்வு என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

இதுவரை சொன்ன எல்லாமே இங்கும் பொருந்தும். ஆனால் மருத்துவச் சோதனையில் ஆட்கள் நிறைய, அளவீடுகள் சில. மரபணு ஆய்வில் பெரும்பாலும் தலைகீழ்: ஆட்கள் சில பத்து, அளவீடுகள் பல்லாயிரம். தவறு நடக்கும் இடங்களும் அதனால் மாறுகின்றன.

ஆய்வகத்திலிருந்தே தொடங்குவோம். நோயாளிகளின் மாதிரிகள் முதலில் வந்தன என்று திங்கட்கிழமை ஓட்டிவிட்டு, ஆரோக்கியமானவர்களின் மாதிரிகளை அடுத்த மாதம் வேறு கிட் (ரசாயனப் பொருள்களின் தொகுப்பு), வேறு கையால் ஓட்டினால், நீங்கள் கண்டுபிடிக்கப்போவது நோயையா, கிட்டையா? நூறு வயதைத் தொட்டவர்களின் மரபணுக்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-ல் முன்னணி இதழில் வெளியாகி மிகவும் பேசப்பட்டது. 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. இரு தரப்பு மாதிரிகளும் ஒரே வகைச் சிப்பில் (மரபணு மாறுபாடுகளை அளக்கும் தகட்டில்) அளக்கப்படாததும், தரக் கட்டுப்பாடு போதாமல் இருந்ததும்தான் காரணம். நீண்ட ஆயுளுக்கான அடையாளம் என்று தோன்றியவற்றில் சில, சிப்பின் அடையாளங்களாக இருந்தன.

இதற்கு மருந்து மலிவானது. மாதிரிகளை ஆய்வகத் தட்டில் வைக்கும் முன்பே புள்ளியியலாளரிடம் பட்டியலைக் கொடுங்கள். ஒவ்வொரு தட்டிலும், ஒவ்வொரு நாளிலும் நோயாளியும் மற்றவரும் கலந்து வரும்படி குலுக்கி வரிசை போட்டுத் தருவார். அரை மணி நேர வேலை. தட்டு எண், தேதி, கிட் எண், செய்தவர் யார் என்பதையெல்லாம் குறித்து வைத்தால் மீதமிருக்கும் வித்தியாசத்தைப் பகுப்பாய்வில் சரிசெய்யலாம். நோயும் தட்டும் ஒன்றோடொன்று முழுமையாகப் பின்னிவிட்டால் பிறகு எந்த மென்பொருளும் பிரிக்காது. முதலில் சொன்ன வார்டு கதைதான், வேறு உடையில்.

அடுத்தது, 'எத்தனை' என்பதை எப்படி எண்ணுவது. ஓர் எலியின் திசுவை மூன்று குழாய்களில் பிரித்து அளந்தால், உங்கள் கருவி எவ்வளவு ஒழுங்காக அளக்கிறது என்று தெரியும். எலிகளைப் பற்றித் தெரிவது ஒரே ஒரு எலியின் கதைதான். ஒற்றைச் செல் வரிசைப்படுத்தலில் (ஒவ்வொரு செல்லின் மரபணுச் செயல்பாட்டையும் தனித்தனியே அளக்கும் முறையில்) இந்தத் தவறு பெரிதாகிவிடுகிறது. மூன்று நோயாளிகளிடமிருந்து தலா பத்தாயிரம் செல்கள் கிடைத்தால், கையில் இருப்பது முப்பதாயிரம் சாட்சிகள் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். வரும் பி மதிப்புகள் நம்பவே முடியாத அளவுக்குச் சிறியவை. நோயைப் பற்றிப் பேச அங்கே இருப்பவர்கள் மூவரே. பணம் குறைவாக இருந்தால், ஒரே மாதிரியை ஆழமாக வரிசைப்படுத்துவதைவிட இன்னும் சில நோயாளிகளைச் சேர்ப்பதே பெரும்பாலும் பலன் தரும்.

பிறகு பல்லாயிரம் சோதனைகளின் சிக்கல். 20,000 மரபணுக்களை ஒவ்வொன்றாக இரு குழுக்களுக்கிடையே ஒப்பிட்டு 0.05-ஐ எல்லையாக வைத்தால், ஒரு மரபணுவில்கூட உண்மையான வித்தியாசம் இல்லாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் 'கண்டுபிடிக்கப்படும்'. அதில் உங்களுக்குப் பிடித்த மரபணு நிச்சயம் ஒன்று இருக்கும்! இதைச் சமாளிக்க இரண்டு அணுகுமுறைகள் புழக்கத்தில் உள்ளன. முழு மரபணுத்தொகுதியையும் அலசி நோயோடு தொடர்புள்ள மாறுபாடுகளைத் தேடும் ஆய்வுகளில், ஏறத்தாழ பத்து லட்சம் தனித்தனிச் சோதனைகளுக்குச் சமம் என்று கொண்டு, 0.05-ஐப் பத்து லட்சத்தால் வகுத்து 0.00000005 என்ற எல்லையை வைக்கிறார்கள். மிகக் கடுமையான வாசல். அதனால்தான் அந்த ஆய்வுகளுக்கு ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஆட்கள் தேவைப்படுகிறார்கள்.

எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது என்று பார்க்கும் ஆய்வுகளில் பெஞ்சமினி, ஹோக்பெர்க் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1995-ல் தந்த வழி பொருத்தமானது. பட்டியலில் ஒரு தவறுகூட இருக்கக்கூடாது என்று கேட்காமல், பட்டியலில் எத்தனை பங்கு தவறாக இருக்கலாம் என்று முன்பே ஒத்துக்கொள்வது அது. 5 சதவீதம் என்று வைத்து 200 மரபணுக்கள் கிடைத்தால், சராசரியாகப் பத்து வீணானவை இருக்கும் என்று எதிர்பார்த்து அடுத்த கட்டச் சோதனைக்கு எடுத்துப் போகலாம். டிஈசெக்2, எட்ஜ்ஆர், லிம்மா போன்ற இலவச ஆர் தொகுப்புகள் இதைத் தாமாகச் செய்துவிடும். சில மாதிரிகளே இருக்கும்போது ஒரு மரபணுவின் ஏற்ற இறக்கத்தை மதிப்பிட மற்ற மரபணுக்களிடமிருந்தும் தகவலைக் கடன் வாங்கும் அழகான வேலையையும் அவை செய்கின்றன.

முன்கூட்டியே ஒரு மரபணுவை ஊகித்து, சில நூறு பேரிடம் சோதித்து, தொடர்பு உண்டு என்று அறிவித்த காலம் ஒன்று இருந்தது. மனச்சோர்வோடு அப்படித் தொடர்புபடுத்தி நிறைய ஆராயப்பட்ட 18 மரபணுக்களை 2019-ல் மிகப்பெரிய தரவுத் தொகுப்புகளில், சிலவற்றில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம், மறுபடி சோதித்தார்கள். தற்செயலாக எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை மேலாகத் தெரியவில்லை. அந்த 18 மரபணுக்களின் மேல் எத்தனை பேரின் ஆராய்ச்சி ஆண்டுகள் கழிந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வம்சாவளியையும் மறக்காதீர்கள். மக்கள் குழுவுக்கு மக்கள் குழு மரபணு மாறுபாடுகளின் விகிதம் வேறுபடும். உணவும் வாழ்க்கை முறையும் வேறுபடும். நோயாளிகளில் ஒரு குழுவினர் அதிகம், ஒப்பீட்டுக் குழுவில் மற்றொரு குழுவினர் அதிகம் என்றால், நோயோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத நூற்றுக்கணக்கான மாறுபாடுகள் 'தொடர்புடையவை' என்று எழுந்து நிற்கும். முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல்லாயிரம் அளவீடுகளைச் சில முக்கிய அச்சுகளாகச் சுருக்கும் கணக்கு) மூலம் வம்சாவளி வேறுபாட்டை அளந்து சரிசெய்வது இன்று வழக்கமான நடைமுறை. அதற்கு முன், ஆட்களைச் சேர்க்கும்போதே இரு தரப்பையும் ஒரே மக்கள் பரப்பிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது.

கடைசியாக, மரபணுக்களை வைத்து நோயைக் கணிக்கும் கணித மாதிரிகள். இங்கே ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: எல்லா நோயாளிகளின் தரவையும் பார்த்துச் சிறந்த 50 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்பிறகு தரவை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பது. தேர்வு வினாத்தாளைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதுவதுதான் அது. வெறும் தற்செயல் எண்களை நிரப்பிய தரவில்கூட இந்த வழியில் மிக உயர்ந்த துல்லியம் வரும். ஆர் தெரிந்தவர்கள் பத்து வரி நிரல் எழுதி இன்றே பார்த்துவிடலாம். மரபணுவைத் தேர்ந்தெடுப்பதும் சேர்த்து எல்லாமே பயிற்சிப் பகுதிக்குள், அதாவது கணித மாதிரியை உருவாக்க எடுத்த தரவுக்குள் மட்டும் நடக்க வேண்டும். முடிந்தால் வேறோர் இடத்தில், வேறு ஆட்கள் சேர்த்த தரவில் சோதித்த பிறகே வாயைத் திறப்பது நல்லது.

ஏழாவது படி: கிடைத்த முடிவை வாசிப்பது

பி மதிப்பு 0.03 என்றால் "நம் கருத்து தவறாக இருக்க 3 சதவீத வாய்ப்பு" என்று பொருள் இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லாத உலகில், நாம் கண்ட அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாகத் தென்பட 3 சதவீத வாய்ப்பு என்பதே பொருள். வித்தியாசம் பெரிதா சிறிதா என்று அது சொல்லாது. அதற்கு நம்பக இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்று காட்டும் வரம்பை, பாருங்கள். "வித்தியாசம் 1-லிருந்து 19 வரை எதுவாகவும் இருக்கலாம்" என்று அது சொன்னால், முடிவு இன்னும் மங்கலாகவே இருக்கிறது. பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்ததாலேயே "வித்தியாசம் இல்லை" என்றும் எழுதாதீர்கள். பார்க்கப் போதுமான வெளிச்சம் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"30 பேருக்குக் கொடுத்தோம், ஒருவருக்கும் பக்கவிளைவு இல்லை, எனவே பாதுகாப்பானது" என்ற வரியை வாசிக்கும்போது மனதுக்குள் 3-ஐ 30-ஆல் வகுங்கள். உண்மையான பக்கவிளைவு 10 சதவீதம் வரை இருந்தாலும் இப்படி ஒன்றும் தென்படாமல் போகலாம். 3-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கும் இந்த விதி எப்போதும் கைகொடுக்கும்.

'பாதியாகக் குறைத்தது' என்ற சொல்லுக்குப் பின்னால் 100 பேரில் 40-லிருந்து 20-ஆ, 2-லிருந்து 1-ஆ என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் 100 பேருக்குச் சிகிச்சை கொடுத்தால் ஒருவருக்குப் பலன். புது நோயறி சோதனைகளிலும் இதே விழிப்பு வேண்டும். நோய் 100-ல் ஒருவருக்கு இருக்கிறது. சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 95 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்று வைப்போம். 10,000 பேரைச் சோதித்தால் நோயுள்ள 100 பேரில் 90 பேருக்கும், நோயில்லாத 9,900 பேரில் 495 பேருக்கும் 'உண்டு' என்று வரும். 'உண்டு' என்று கேட்டுப் பயந்த 585 பேரில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 15 சதவீதம்தான். 90, 95 என்ற எண்களை மட்டும் கட்டுரையின் சுருக்கத்தில் போட்டால் வாசிப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

எட்டாவது படி: புள்ளியியலாளரோடு வேலை செய்வது

நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போதே அவரைச் சேருங்கள். அவருடைய நேரத்தையும் செலவுக் கணக்கில் எழுதுங்கள். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வந்தால் மாதிரி அளவுக்கு ஒரு எண் கிடைக்கலாம், யோசனை கிடைக்காது. ஆய்வை வடிவமைத்து, பகுப்பாய்வு செய்து, முறைகளை எழுதித் தந்தவர் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருக்க வேண்டும். இதை முதலிலேயே பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

இளம் புள்ளியியலாளருக்கு ஒரு வார்த்தை: வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். தரவில் மாலை நேர ரத்த அழுத்தம் எல்லாமே 0-வில் முடிந்தால் ஏன் என்று அங்கே நின்றால்தான் புரியும். 'எனக்கு இந்த நோயைப் பற்றித் தெரியாது, விளக்குங்கள்' என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பல மருத்துவர்கள் தங்கள் உண்மையான ஆய்வுக் கேள்வியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

முதல் சந்திப்புக்குப் பெரிதாக ஒன்றும் தயார் செய்ய வேண்டாம். ஒரே வாக்கியத்தில் எழுதிய கேள்வி, அது முழுமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதே கேள்வியைத் தொட்ட இரண்டு மூன்று பழைய கட்டுரைகள், மாதிரி அளவுக்கான எண்கள் அவற்றில்தான் கிடைக்கும். ஒரு மாதத்தில் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்ற உங்கள் நேர்மையான மதிப்பீடு. மரபணு ஆய்வு என்றால் மாதிரிகள் எங்கே, எத்தனை தட்டுகளில், யார் கையால் ஓட்டப்படும் என்ற விவரம். கூடவே ஒரு வெற்றுத் தாள்: அதில் உங்கள் கட்டுரையின் முதல் அட்டவணையை எண்கள் இல்லாமல், தலைப்புகள் மட்டும் போட்டு வரைந்து வாருங்கள். எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் பேனா நிற்கிறதோ, பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.